என்னத்த கிழிச்ச?

போன மாசம் வில்லிவாக்கத்துல ஒரு காதுகுத்து, பெரியம்மா பேரனுக்கு. பந்தியில எனக்கு பக்கத்து இலை பெரியப்பா. சாம்பார் முடிஞ்சு ரசத்துக்கு கை காமிச்சுக்கிட்டே, "ஏம்மா, வேலைய விட்டு ஒன்றரை வருஷம் ஆச்சே, வீட்ல உக்காந்து என்னத்த கிழிச்ச?"ன்னு கேட்டுட்டார். கோவமாலாம் இல்ல. ரயில்வேல முப்பத்தஞ்சு வருஷம் ஒரு நாள் லேட் ஆகாம போன மனுஷன், எல்லாரையும் அப்படித்தான் கேப்பார், காது குத்த வந்த ஆசாரி கிட்டயும் கேட்டிருப்பார். நான் சிரிச்சுக்கிட்டே அப்பளத்தை நொறுக்கிட்டு இருந்தேன். ஆனா அதுக்கு என் கிட்ட பதில் இருந்துச்சு. தொண்டை வரைக்கும் வந்துச்சு. "தேதி கிழிச்சேன் பெரியப்பா"ன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அன்னையிலேர்ந்து அது உள்ளயே சுத்திட்டு இருக்கு, அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன்.

எனக்கு டிப்ரஷன். இந்த ரெண்டு வார்த்தைய சும்மா இப்படி டைப் பண்றதுக்கே ரெண்டு வருஷம் ஆகியிருக்கு. அது என்ன, எப்படி வரும், இதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல, அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க. எனக்கு இருக்கறது ஒரே ஒரு சண்டைதான். இந்த வியாதியில இருக்கறவங்க கிட்ட உலகமே ஒரு விஷயம் சொல்லும்ல, "சின்னச் சின்னதா கோல் வெச்சுக்கோ, ஒண்ணொண்ணா முடி, தன்னால சரியாயிடும்"னு. ஃப்ரெண்டு சொல்லுவா, சித்தி சொல்லுவாங்க, யூடியூப்ல கோட் போட்ட ஒருத்தர் சொல்லுவார். அந்த "சின்ன"ங்கிற வார்த்தையோடதான் என் சண்டை.

முப்பத்தஞ்சு ரவுண்டு பாக்கி

நான் ஆடிட் ஆஃபீஸ்ல பதினோரு வருஷம் குப்பை கொட்டினவ. கணக்கு டேலி ஆகலன்னா தூக்கம் வராது. அதனால உடம்பு சரியில்லன்னு (அப்ப உடம்புன்னுதான் சொல்லிட்டிருந்தேன்) வேலைய விட்டதும் நான் செஞ்ச முதல் காரியம், எக்ஸெல்ல ஒரு ஷீட் போட்டது. காலைல 5 மணிக்கு எழுந்திரிக்கணும், பெரம்பூர் முரசொலி மாறன் பார்க்குல 5 ரவுண்டு நடக்கணும், 7 மணிக்குள்ள குளிச்சிடணும், ஒரு மணி நேரம் படிக்கணும், போன் ஒரு மணி நேரத்துக்கு மேல கூடாதுன்னு மொத்தம் பதினாலு ஐட்டம். செஞ்சா பச்சை, செய்யலன்னா அதுவா சிவப்பாயிடும். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து கலர் கலரா போட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் அப்படி ஒரு உற்சாகம், சரி நமக்கு குணமாயிடுச்சுன்னே நினைச்சுட்டேன். மறுநாள் எழுந்தது பத்தரைக்கு.

இதுல நான் காட்டின பெரிய புத்திசாலித்தனம் ஒண்ணு இருக்கு. இன்னைக்கு செய்யாதது நாளைக்கு கணக்குல தானா சேர்ற மாதிரி ஃபார்முலா போட்டிருந்தேன். ஆஃபீஸ்ல அப்படித்தானே, போன வருஷத்து க்ளோசிங் பேலன்ஸ்தான் இந்த வருஷத்து ஓப்பனிங் பேலன்ஸ். அதே புத்தி. முதல் நாள் நடக்கல, 5 ரவுண்டு பாக்கி. ரெண்டாம் நாள் அதோட சேத்து 10. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லேப்டாப்ப திறந்து பாக்கறேன், 35 ரவுண்டுன்னு நிக்குது. பாத்ரூம் வரைக்கும் போறதுக்கே சுவத்த புடிச்சிட்டு யோசிக்கறவளுக்கு முப்பத்தஞ்சு ரவுண்டு. மூடி வெச்சவதான், அந்த லேப்டாப்ப அப்புறம் ரெண்டு மாசம் தொடல.

உடனே "அதான் சொன்னோமே, பெருசா வெச்சா அப்படித்தான், சின்னதா வைக்கணும்"பாங்க. வெச்சேன். பதினாலை மூணாக்கினேன். பல்லு தேய்க்கணும், குளிக்கணும், சாயங்காலம் மொட்டை மாடிக்கு ஒரு தடவை போகணும். இதைவிட சின்னதா எங்க போறது? ஆனா யாருமே சொல்லாத ஒரு விஷயம் இதுல இருக்கு, கோல் சின்னதாக ஆக அவமானம் பெருசாகுது. திருப்பதி மலைய நடந்து ஏற முடியலன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, முட்டி வலிம்பாங்க, போயிடும். பல்லு தேய்க்க முடியலன்னா? நாலு வயசு கொழந்தை செய்யற வேலை. அன்னைக்கு ராத்திரி படுத்துக்கிட்டு, முப்பத்தெட்டு வயசு பொம்பளை, பி.காம், எத்தனையோ கம்பெனி பேலன்ஸ் ஷீட்ல தப்பு கண்டுபுடிச்சவ, பல்லு தேய்க்கலன்னு சிவப்பு மார்க் போட்டுக்கிட்டா அவளுக்கு அடுத்த நாள் எழுந்திரிக்க தோணுமா சொல்லுங்க. நடக்காத 35 ரவுண்டைவிட தேய்க்காத அந்த ஒரு பல்லுதான் என்னை அமுக்குச்சு.

கீழ்ப்பாக்கம்

டாக்டர்கிட்ட போனது தனிக் கதை, சுருக்கமா சொல்லிடறேன். முதல்ல பாத்தவர் நாலு நிமிஷம் பேசினார், அதுல ஒரு நிமிஷம் "ஏன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கல"ங்கறதுக்குப் போச்சு. ரெண்டாவதா போனது கீழ்ப்பாக்கத்துல ஒரு க்ளினிக். சென்னையில கீழ்ப்பாக்கம்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 1794ல ஆரம்பிச்ச மனநல ஆஸ்பத்திரி அங்கதான் இருக்கு. இந்தியாவோட முதல் பெண் மனநல டாக்டர் சாரதா மேனன் 1961லேர்ந்து தலைமை பொறுப்புல இருந்த இடம். ஊருக்கு அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கு, "கீழ்ப்பாக்கம் கேஸு"ங்கற ஜோக் மட்டும்தான் இருக்கு. நான் போனது அந்த ஆஸ்பத்திரிக்கு கூட இல்ல, வேற தெரு, வேற க்ளினிக், ஆனாலும் அம்மா ஆட்டோக்காரர் கிட்ட "அயனாவரம் வரைக்கும்"னுதான் சொன்னா. அயனாவரம் சிக்னல்ல இறங்கி நாங்க ரெண்டு பேரும் வெயில்ல நடந்தோம். இப்ப நினைச்சா சிரிப்பு வருது. என் நோய் நாள்கள்ல நான் அவ்ளோ தூரம் நடந்தது அன்னைக்குத்தான்.

ஒம்போது கேள்வி இருக்கற ஒரு தாள் கொடுத்தாங்க, போன ரெண்டு வாரத்துல எத்தனை நாள் எப்படி இருந்துச்சுன்னு டிக் அடிக்கணும். மார்க் கூடினா வியாதி கூடன்னு அர்த்தம், 27க்கு 19 வாங்கினேன். ஸ்கூல்ல கணக்கைத் தவிர எதுலயும் இவ்ளோ எடுத்ததில்ல. மாத்திரை எழுதினாங்க, முதல்ல 5 எம்ஜி, அப்புறம் 10. உடனே ஒண்ணும் தெரியாது, சில வாரம் ஆகும், அதுவரைக்கும் வயித்த பொரட்டும், நீங்களா நிறுத்திடாதீங்கன்னு பொறுமையா சொன்னாங்க. அதோட அங்கேயே இருந்த சைக்காலஜிஸ்ட் மேடத்தை வாரம் ஒரு தடவை பாக்கச் சொன்னாங்க.

அந்த மேடம் கிட்ட என் எக்ஸெல் கதைய சொன்னேன். சிரிக்கல. "மூடு வந்தா செய்வோம்னு நீங்க காத்துட்டு இருக்கீங்க, மூடோ நீங்க ஏதாவது செய்வீங்களான்னு காத்துட்டு இருக்கு"ன்னு சொன்னாங்க. இதுக்கு பேரு பிஹேவியரல் ஆக்டிவேஷனாம். பேரைக் கேட்டதும் கம்பெனி ட்ரெய்னிங் மாதிரி இருக்கேன்னு எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. வீட்டுக்கு வந்து தூக்கம் வராத ராத்திரில தேடிப் படிச்சேன். 1970கள்ல பீட்டர் லெவின்சன்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் சொன்னது. சோர்வா இருக்கறவன் வெளிய போறதையும் நாலு பேரோட பேசறதையும் குறைப்பான், குறைக்கக் குறைக்க அதுலேர்ந்து வர்ற சின்ன சந்தோஷமும் நின்னுடும், நிக்க நிக்க இன்னும் சோர்வு, இன்னும் குறைப்பான். செக்குமாடு. எந்த இடத்துல வேணா செக்கை நிறுத்தலாம், செய்யறதுல நிறுத்தறது சுலபம்ங்கறதுதான் விஷயம். இதையே எடுத்து நம்ம கோவாவுல, ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல, டாக்டரோ சைக்காலஜிஸ்டோ இல்லாத உள்ளூர் ஆளுங்களுக்கு பயிற்சி கொடுத்து பண்ணிப் பாத்திருக்காங்க. ஆறுலேர்ந்து எட்டு சந்திப்பு, அவ்ளோதான். நல்லா வேலை செஞ்சிருக்குன்னு 2017ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. கோவாவுல ஒரு அம்மாவுக்கு ஆகுதுன்னா பெரம்பூர்ல எனக்கு ஆகாதான்னு தோணுச்சு. வீம்புதான், ஆனா அந்த நேரத்துல வீம்பு வர்றதே பெரிய விஷயம்.

அடுத்த வாரம் மேடம் கேட்டாங்க, "உங்க வீட்ல தினமும் யாராவது கண்டிப்பா செய்யற, பத்து செகண்ட் வேலை ஒண்ணு சொல்லுங்க. உங்களைப் பத்தி இல்ல, வீட்டைப் பத்தி." யோசிச்சுட்டு, தேதி கிழிக்கிறதுன்னு சொன்னேன். ஹால்ல மாட்டியிருக்கற முருகர் படம் போட்ட காலண்டர். அப்பா இருந்த வரைக்கும் காலைல குளிச்சுட்டு விபூதி வெச்சதும் முதல் வேலை அதுதான், ஈரக் கையால கிழிப்பார், தாள் எப்பவும் ஒரு ஓரத்துல நனைஞ்சிருக்கும். அவர் போனப்புறம் அம்மா கிழிக்கறா. மேடம் சொன்னாங்க, "இனிமே அது உங்க வேலை. நீங்க கிழிக்கலன்னா அது அப்படியே இருக்கட்டும். அம்மா தொடக்கூடாது." அம்மாவையும் உள்ள கூப்பிட்டு சொல்லிட்டாங்க. அம்மாவுக்கு பயங்கர குழப்பம். மாத்திரை புரியுது, தேதி கிழிக்கறது என்ன வைத்தியம்?

ஒன்பது தாள்

நாலு நாள் கிழிச்சேன். அஞ்சாவது நாள் எழுந்திரிக்கல. அது ஒரு திங்கக்கிழமை, மாத்திரை போட்டு மூணாவது வாரம், எதுவும் நடக்கல, ஏதோ ஈரத்துணிய மேல போட்டு அமுக்கின மாதிரி. அன்னைக்கு விட்டது மறுநாளும் விட்டுச்சு. படுக்கையிலேர்ந்து ஹால் சுவர் பதினஞ்சு அடி இருக்கும். அந்த காலண்டர்ல திங்கக்கிழமைய கூட காட்டாம ஞாயித்துக்கிழமை சிவப்புல நின்னுக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு நாளும் அதைப் பாக்காம இருக்கறதுக்கு நான் ஹால் பக்கமே போகாம இருந்தேன், தண்ணி குடிக்கணும்னா கூட அம்மா கிட்டதான் கேட்டேன். பல்லு தேய்க்காததைவிட கேவலம். பத்து செகண்ட் வேலைங்க. பத்து செகண்ட் வேலைய கொடுத்தா அதுலயும் ஃபெயில்.

விட்டதுலேர்ந்து ஒம்போதாவது நாள் காலைல ஒரு பதினோரு மணி இருக்கும், வேற வழியில்லாம எழுந்து வந்தேன். ஹால்ல அம்மா முதுகைக் காட்டிக்கிட்டு காலண்டர் கிட்ட நின்னுட்டு இருந்தா. கண்ணாடிய மூக்கு நுனியில இறக்கி விட்டுக்கிட்டு, கட்டை விரலால தாளை ஒண்ணொண்ணா தூக்கி எண்ணிட்டு இருந்தா. ஏழு, எட்டு, ஒம்போதுன்னு வாய் மட்டும் அசையுது. அந்தத் தாளை லேசா தூக்கிப் புடிச்சுக்கிட்டு தலைய சாய்ச்சு உள்ள எட்டிப் பாக்கறா, கெணத்துக்குள்ள பாக்கற மாதிரி. ராகு காலம் அம்மாவுக்கு மனப்பாடம், அதுக்காக இருக்காது. கீழ சின்ன எழுத்துல பன்னண்டு ராசிக்கும் ஒத்த வார்த்தையில பலன் போட்டிருப்பாங்கல்ல, லாபம், செலவு, பகை, பயணம்னு. கன்னி ராசிக்கு என்னன்னு பாத்துட்டு இருந்தா. என் ராசி. பாத்துட்டு, தூக்கின தாளையெல்லாம் மடங்காம கசங்காம மெதுவா விட்டு, உள்ளங்கையால ஒரு தடவை நீவி விட்டா. திரும்பினப்பதான் என்னைப் பாத்தா. திருட்டுத்தனமா ஏதோ செஞ்சு மாட்டிக்கிட்ட மாதிரி, "நான் கிழிக்கலடி, சும்மா பாத்தேன்"னா. நான் ஒண்ணும் சொல்லல. அவளே, "உனக்கு இன்னைக்கு சுகம்னு போட்டிருக்கான்"னு சொல்லிட்டு அடுப்பைப் பாக்கப் போயிட்டா.

ஒம்போது நாளா இவ தினமும் இதை செஞ்சிட்டு இருந்திருக்கா. கிழிச்சா ஒரு செகண்ட்ல முடியற வேலை, எனக்கு விட்டு வெச்சிட்டு, நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போற தாளை எண்ணி எண்ணி எட்டிப் பாத்துட்டு. ஒரு வார்த்தை "கிழிக்கலையா"ன்னு கேக்கல. எனக்கு அழுகை வரும்னு நினைச்சேன், அந்த மாத்திரையில அழுகை கூட வரல. காலண்டர் கிட்ட போனேன். ஒண்ணொண்ணா கிழிக்கணும்னுதான் மனசுல இருந்துச்சு, ஒம்போது தடவை கைய தூக்கணும், அதை நினைச்சதுமே தோள் வலிச்சுச்சு. சரின்னு ஒம்போதையும் சேத்து புடிச்சு ஒரு இழு. சர்ர்ருன்னு வந்துடுச்சு. தகர பட்டைக்கு அடியில கொஞ்சம் பிசிறு நின்னுச்சு, அவ்ளோதான். அன்னைய தேதி வந்து நின்னுடுச்சு.

கையில அந்த ஒம்போது தாளையும் வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் அங்கயே நின்னேன். ஒரு நாளைக்கும் ஒம்போது நாளைக்கும் ஒரே இழுப்பு. வட்டி இல்ல. அபராதம் இல்ல. 35 ரவுண்டு மாதிரி ஏறல. பதினோரு வருஷம் பாக்கிய அடுத்த பக்கத்துக்கு தூக்கிட்டுப் போயே பழகின எனக்கு இது சட்டுனு புரியவே இல்ல. என் வியாதியே பாதி இந்தக் கணக்குதானோன்னு அப்பதான் தோணுச்சு. நேத்து குளிக்காதது, போன மாசம் ஃப்ரெண்டு போனை எடுக்காதது, மூணு வருஷம் முன்னாடி அப்பாவ ஆஸ்பத்திரிக்கு ரெண்டு நாள் லேட்டா கூட்டிட்டுப் போனது, எல்லாம் தினமும் காலைல ஓப்பனிங் பேலன்ஸா வந்து நிக்கும். அந்த பாரத்தோட எவ பல்லு தேய்ப்பா?

மேடம் கிட்ட சொன்னப்ப அவங்க தாள்ல ஏதோ எழுதிக்கிட்டாங்க. அப்புறம், "அப்ப இனிமே நாம கோல் எழுதறப்ப ரெண்டு கேள்வி கேட்டுக்கலாம். உங்க மோசமான நாள்லயும் இது ஆகுமா? ஆகலன்னா அடுத்த நாளைக்கு இதுல ஏதாவது ஏறுமா?"ன்னாங்க. எனக்கு அந்த ரெண்டாவது கேள்விதான் முக்கியமா பட்டுச்சு. முதல் கேள்விய எல்லாரும் கேக்கறாங்க, அதான் அந்த "சின்னதா வை". சின்னதா வெச்சாலும் கடன் ஏறும்னா அது சின்ன கோல் இல்ல, சின்ன கந்துவட்டி.

அப்புறம் நான் எழுதினதெல்லாம் அப்படித்தான். "தினமும் நடக்கணும்" போய், "செருப்பு மாட்டிக்கிட்டு கேட் வரைக்கும்"னு ஆச்சு, கேட்ல நின்னு திரும்பி வந்தாலும் முடிஞ்சது. பாதி நாள் கேட்ல நின்னதும் ஆவின் பூத் வரைக்கும் போயிட்டு வந்துடலாம்னு தோணும், பாதி நாள் தோணாது. போறதுக்கு முன்னாடி எவ்ளோ பிடிக்கும்னு பத்துக்கு ஒரு மார்க், வந்தப்புறம் எவ்ளோ பிடிச்சுதுன்னு ஒரு மார்க் எழுதச் சொன்னாங்க. முன்னாடி எப்பவும் ரெண்டு இல்ல ஒண்ணு. பின்னாடி நாலு, சில நாள் அஞ்சு. இதை மூணு வாரம் எழுதினப்புறம் ஆடிட்டர் புத்தி சொல்லுச்சு, எஸ்டிமேட் போடறவன் பொய் சொல்றான்னு. செய்யறதுக்கு முன்னாடி மனசு சொல்ற கணக்க நான் இப்பல்லாம் அப்படியே நம்பறதில்ல, வவுச்சர் கேக்கறேன்.

நல்லாயிட்டேன்னு நினைச்சுடாதீங்க. ஐப்பசி மழையில ரெண்டு நாள் விடாம கொட்டி தெருவெல்லாம் தண்ணி நின்னப்ப திரும்ப விழுந்தேன். இந்த தடவை இருபத்தி மூணு நாள். அதுல ஒரு ராத்திரி ரொம்ப மோசமா போய் 14416க்கு போன் பண்ணினேன், 2022ல கவர்மெண்ட் ஆரம்பிச்ச மனநல ஹெல்ப்லைன் டெலி மனாஸ், எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். எடுத்த பொண்ணு சின்ன வயசு குரல். என்ன பேசினேன்னு ஞாபகம் இல்ல, மழை சத்தத்துல "என்னங்க, கேக்கலங்க"ன்னு அவங்க ரெண்டு மூணு தடவை கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கு. காலைல அம்மாவை எழுப்பி சொன்னேன். மாத்திரை அளவு மாத்தினாங்க. இருபத்தி நாலாவது நாள் காலண்டர் கிட்ட போய் மொத்தமா புடிச்சு இழுத்தா, வரல. இருபத்தி நாலு தாள் ஒரே இழுப்புல வராது போல. என் தத்துவமெல்லாம் அங்கயே போச்சுன்னு நின்னேன். ரெண்டா பிரிச்சு ரெண்டு இழு. வந்துடுச்சு.

அதனால பெரியப்பா கேட்டதுக்கு நான் சொல்லாம விட்டது ஒரு வகையில சரிதானோ என்னமோ. பந்தியில ரசம் ஊத்தற நேரத்துல இத்தனையும் எங்க சொல்றது? தேதி கிழிச்சேன்னா அவர் தமாஷ்னு நினைச்சு சிரிச்சிருப்பார், பக்கத்து இலைக்கும் சொல்லியிருப்பார். ஆனா சொல்லியிருக்கலாம்னும் இருக்கு. அவரும் ரிடையர் ஆன முதல் வருஷம் வீட்டை விட்டு வெளிய வரவே இல்லன்னு பெரியம்மா ஒரு தடவை அம்மா கிட்ட சொல்லிட்டு இருந்தாங்க. அவரை யாராவது இந்தக் கேள்வி கேட்டாங்களா, தெரியல.

இன்னைக்கு வியாழக்கிழமை. காலண்டர்ல செவ்வாய் நிக்குது. கிழிச்ச தாளோட பின்பக்கத்துலதான் அம்மா மளிகை லிஸ்ட் எழுதுவா, அந்த ஒம்போது தாளும் அவளுக்கு ஒரு மாசத்துக்கு வந்துச்சு. இப்ப கிச்சன்லேர்ந்து குரல் கொடுக்கறா, "துவரம்பருப்பு தீர்ந்துடுச்சு, எழுதறதுக்கு தாள் ஏதாவது இருக்காடி?"

இரும்மா. ரெண்டு கிழிச்சுத் தர்றேன்.